பழைய லேப்டாப்பும் வீட்டு டி.வி.யும்
ஒரு கேபிள் போதும், படம் பளிச்!

கோவில்பட்டி வட்டாரம் கரிசல் பூமி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் பருத்தியும் உளுந்தும் கம்பும் விளையும். பெய்யாவிட்டால், தீப்பெட்டி ஆபீஸ் கூலிதான் பல வீடுகளில் அடுப்பு எரிய வைக்கும்.

இப்படிப்பட்ட வீடுகளில் ஒவ்வொரு ரூபாயையும் எண்ணித்தான் செலவழிப்பார்கள். பிள்ளைகள் பாடம் பார்க்கவேண்டும், குடும்பத்தோடு படம் பார்க்கவேண்டும் என்றால் புதிதாக ஏதாவது வாங்கித்தான் ஆகவேண்டுமா?

வேண்டியதில்லை! கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவானேன்? பரணில் கிடக்கும் பழைய லேப்டாப்பை இறக்குங்கள்.

இரண்டு பெட்டிகள்

செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாள். 2006-ம் ஆண்டு அந்த நாளில், முதல்-அமைச்சர் கருணாநிதி இலவச கலர் டி.வி. திட்டத்தைத் தொடங்கினார். 2011-ம் ஆண்டு அதே நாளில், முதல்-அமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கினார்.

பல வீடுகளுக்கு இரண்டும் வந்தன. ஆனால் இரண்டையும் இணைக்கலாம் என்பது பலருக்குத் தெரியவில்லை.

2020-ல் கொரோனா வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன. அந்த ஜூலையில், பிளஸ்-2 மாணவர்களின் லேப்டாப்பில் வீடியோ பாடங்களைப் பதிவு செய்து கொடுக்க அரசு ஏற்பாடு செய்தது. பாடம் வீட்டுக்கே வந்தது. திரைதான் சிறியது! அண்ணனும் தங்கையும் சேர்ந்து பார்க்க, பெரிய திரை நல்லதல்லவா?

எந்தத் துவாரம்?

லேப்டாப்பின் ஓரத்தைப் பாருங்கள். தட்டையான சிறு துவாரம் இருந்தால், அது எச்.டி.எம்.ஐ. டி.வி.யின் பின்புறமும் அதே துவாரம் இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள். அவ்வளவுதான்! படமும் ஒலியும் அந்த ஒரே கேபிளில் போகும்.

மூன்று வரிசையில் 15 ஓட்டைகள் உள்ள அகலமான துவாரமா? அது வி.ஜி.ஏ. 1987-ல் வந்த பழைய முறை. அதில் படம் மட்டுமே போகும். ஒலிக்கு இன்னொரு ஒயர் வேண்டும். டி.வி.யில் வி.ஜி.ஏ. இல்லையென்றால், அதை எச்.டி.எம்.ஐ. ஆக மாற்றும் சின்னப் பெட்டி கடையில் கிடைக்கும்.

பழைய குண்டு டி.வி.யா? அதில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துவாரங்கள்தான் இருக்கும். அதற்கும் மாற்றுப் பெட்டி உண்டு. சினிமா பார்க்கலாம். ஆனால் பாடத்தில் வரும் சிறிய எழுத்து தெளியாது. காரணம், அந்த டி.வி. காட்டுவது 576 கோடுகள் மட்டுமே. இன்றைய முழு எச்.டி. டி.வி. காட்டுவது 1,080 கோடுகள்.

படம், கேபிள், டி.வி. ஆகிய மூன்றில் எது மட்டமோ, அந்த அளவுக்குத்தான் தெளிவு கிடைக்கும். இதை மறக்கக்கூடாது.

படம் வரவில்லையா?

டி.வி. ரிமோட்டில் "சோர்ஸ்" அல்லது "இன்புட்" பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துவாரத்தின் பெயரைத் தேர்ந்தெடுங்கள். லேப்டாப்பில் விண்டோஸ் பொத்தானையும் "பி" எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். டி.வி.யில் மட்டும் படம் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம்.

பிறகு திரை அளவை 1920, 1080 என்று வையுங்கள். ஒலி வராவிட்டால், கீழ் மூலையில் உள்ள ஒலிபெருக்கிப் படத்தை அழுத்தி டி.வி.யின் பெயரைத் தேர்ந்தெடுங்கள்.

படம் விக்கி விக்கி ஓடுகிறதா? சார்ஜரைச் செருகியே ஓட்டுங்கள். வேறு வேலைகளை மூடுங்கள். எச்.265 என்ற புதுவகைப் பதிவு பழைய லேப்டாப்புக்குப் பாரம். எச்.264 பதிவு லேசாக ஓடும்.

கரிசல் தூசும் ஒரு காரணம்! கோடைக் காற்றில் பறக்கும் தூசு காற்றாடியை அடைத்துவிடும். லேப்டாப் சூடாகும்; வேகம் குறையும். தெரிந்தவரிடம் கொடுத்துத் தூசு தட்டி வாங்குங்கள். மெத்தைமேல் வைக்காமல் பலகைமேல் வையுங்கள்.

ஏமாறாதீர்கள்!

"விலை கூடிய கேபிளில் படம் இன்னும் தெளிவாக வரும்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். வீட்டுக்குள் இரண்டு மூன்று அடி தூரத்துக்கு, ஒழுங்கான சாதாரண கேபிளே முழுத் தெளிவைக் கொடுக்கும். மிச்சமாகும் பணம் பிள்ளைகளின் நோட்டுப் புத்தகத்துக்கு உதவும்.

ஐப்பசி, கார்த்திகையில் கரிசல் காட்டில் இடி மின்னல் அதிகம். வானம் கறுத்ததும் இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். டி.வி.க்கு வரும் கேபிள் ஒயரையும் கழற்றிவிடுங்கள். பாடத்தை மழை விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாம்.