பற்றை படர்ந்த நிலத்தை அளப்பது எப்படி?

நெல்லை அளக்கப் புசல் உண்டு. நிலத்தை அளக்க ஏக்கர் உண்டு. கடலின் ஆழத்தை அளக்கப் பாகம் உண்டு. பற்றையை அளக்க என்ன உண்டு? திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த ஊர்களில் வாழ்வோர்க்கு இவ்வினா வேடிக்கையாகத் தோன்றலாம். சூரையும் காரையும் விடத்தலும் மண்டிக் கிடக்கும் நிலத்தை யார் அளப்பார், எதற்காக அளப்பார் என்று அவர்கள் கேட்கவும் கூடும். ஆயினும் இந்த அளவையிலே சில ஊர்களின் உரிமையே தங்கியிருக்கிறது என்பதைப் புவியியல் கற்பிப்பவன் என்ற முறையில் எடுத்துரைக்க விரும்புகிறேன்.

பாலைக்குச் சிலப்பதிகாரம் தரும் விளக்கம் தமிழ் கற்றோர் அறிந்ததே. பாலை என்று தனி நிலம் இல்லை. முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்தபோது கொள்ளும் கோலமே அது. பற்றையும் ஏறத்தாழ அத்தகையதே. முதிரையும் வீரையும் வெட்டுண்ட காடு பற்றையாகும். சேனை செய்து கைவிட்ட மேட்டுநிலம் பற்றையாகும். உழுவாரற்ற வயலும் பற்றையாகும். கோடரியும் தீயும் அணுகாதிருப்பின் அதே பற்றை மெல்ல மெல்லக் காடாகவும் மாறும். ஆகவே பற்றை எத்தனை ஏக்கர் என்று அறிவது பாதி அறிவே. அது எதிலிருந்து வந்தது, எதை நோக்கிச் செல்கிறது என்பதையும் அறிந்தால்தான் கணக்கு நிறைவுறும்.

அளக்கும் கருவிகள் காலந்தோறும் வளர்ந்துள்ளன. 1800இல் தோன்றிய நில அளவைத் திணைக்களத்தார் சங்கிலியும் கோணமானியும் கொண்டு நாட்டை அளந்தனர். 1956இல் கொழும்புத் திட்டத்தின் கீழ்க் கனடா அளித்த உதவியால் விமானப் படங்கள் எடுக்கப்பட்டன. அவற்றைக் கொண்டு கணக்கிட்டபோது இலங்கையின் நிலப்பரப்பில் நூற்றுக்கு 44 பங்கு காடு எனக் கண்டனர். 1992இல் செய்மதிப் படங்களைக் கொண்டு செய்த கணக்கிலே அடர்காடு ஏறத்தாழ 24 பங்காகச் சுருங்கியது. ஐதான காட்டையும் சேர்த்துக்கொண்டால் அது ஏறத்தாழ 31 பங்கு ஆகிறது. எதனைக் காடு என்பது, எதனைப் பற்றை என்பது என்னும் வரையறையே ஏழு பங்கு நிலத்தை இங்குமங்கும் நகர்த்திவிடுகிறது, பாருங்கள்!

1972இல் விண்ணில் ஏவப்பட்ட லான்ட்சாட் செய்மதியும் அதன் பின்வந்தவையும் இன்றுவரை நம் நிலத்தைப் படம்பிடித்து வருகின்றன. 1982 முதல் வந்த கருவியின் படத்தில் ஒரு கட்டம் 30 மீற்றர் சதுரம். அதாவது ஏறத்தாழ 35 பேர்ச். நம் ஊரின் ஒரு வீட்டு வளவு, கிணறும் தென்னைகளும் உட்பட, அந்த ஒரு கட்டத்துள் அடங்கிவிடும். பச்சை இலை செந்நிற ஒளியை உறிஞ்சும். கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பியனுப்பும். இவ்விரண்டின் வேறுபாட்டிலிருந்து கட்டத்தின் பசுமை கணிக்கப்படுகிறது. ஆனால் ஐப்பசி முதல் தை வரை மாரி பொழியும் நம் மாவட்டத்தில், தை மாதப் படத்திலே வயலும் புல்லும் பற்றையும் ஒருங்கே பச்சையாகத் தோன்றும். ஆவணி மாதத்திலோ புல் காய்ந்துவிட, வேரூன்றிய பற்றை தனித்துத் தெரியும். தைப் படத்தை ஆவணிப் படத்தோடு ஒப்பிட்டு, பற்றை அழிந்தது என்றோ வளர்ந்தது என்றோ கூறுதல் பெரும் பிழையாகும்.

பருவத்தைச் சரியாகத் தெரிந்தாலும் இன்னோர் இடர் எஞ்சியுள்ளது. மக்கள் நெருங்கி வாழும் ஹொங்கொங்கைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் விறகுக்காக மொட்டையடிக்கப்பட்ட குன்றுகளிலே பின்னர்ப் புல்லும், அதன்பின் பற்றையும், அதன்பின் இளங்காடும் எழுந்தன. அங்கே பற்றையின் பெருக்கம் இயற்கை மீண்டதன் அடையாளம். இங்கே, ஆங்கிலேயர் 1930களிற் கட்டிய சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளுட் பலவற்றை நெடுங்காலம் மூடிக் கிடந்ததும் பற்றையே. அது கைவிடப்பட்ட களஞ்சியத்தின் அடையாளம். கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், சம்பூரில், அது வேறொன்றன் அடையாளமாயிற்று. 2006இல் போரினால் அம்மக்கள் ஊரைவிட்டு அகன்றனர். 2007இல் அந்நிலம் உயர்பாதுகாப்பு வலயத்துள் அடக்கப்பட்டது. 2015இல்தான் ஒரு பகுதி உரியோரிடம் மீண்டது. இடைப்பட்ட ஆண்டுகளின் செய்மதிப் படங்களை மட்டும் நோக்கும் ஒருவர், பசுமை பெருகியது என்று மகிழ்ந்து எழுதக்கூடும். அந்தப் பசுமை, அடுப்பெரியாத வீடுகளின் மேல் வளர்ந்த பசுமை.

இது வெறும் ஏட்டுக் கணக்கன்று. பிரகடனப்படுத்தப்படாத ஏனைய அரச காடுகளை வனத் திணைக்களத்தின் பொறுப்பில் விட்டது 2001ஆம் ஆண்டின் சுற்றறிக்கை ஒன்று. 2020இல் வந்த வேறொன்று அப்பொறுப்பைப் பிரதேச, மாவட்டச் செயலாளர்க்கு மாற்றியது. முதலாவதனால் தம் பழைய வயல் காடாகிவிடுமோ என்று உழவர் அஞ்சினர். இரண்டாவதனால் எஞ்சிய காடும் பறிபோகுமோ என்று இயற்கை ஆர்வலர் அஞ்சினர். இரு அச்சமும் நியாயமானவையே. ஒரு துண்டுப் பற்றை நேற்று வயலாக இருந்ததா, காடாக இருந்ததா என்ற ஒரே வினாவுக்குச் சான்றுடன் விடை கூறுவோமாயின், உழவனுக்கும் காட்டுக்கும் ஒருங்கே நீதி செய்யலாம்.

அச்சான்றில் ஒரு பகுதி 1956ஆம் ஆண்டுப் படங்களில் இருக்கிறது. மறு பகுதி முதியோர் நினைவில் இருக்கிறது. பற்றைக்குள் நேர்வரிசையாய் நிற்கும் தென்னைகளையும், தூர்ந்த கிணற்றின் கட்டையும், வரம்பின் மேட்டையும் நான் கண்டிருக்கிறேன். அவை யாருடையவை என்று சொல்லத்தக்கவர் நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். ஆதலால் நம் பாடசாலைகளின் உயர்தர வகுப்பு மாணவர், தத்தம் ஊரின் படத்தை அச்சிட்டு முதியோர் முன் விரித்து, ஒவ்வொரு பற்றைத் துண்டுக்கும் அதன் பழைய பெயரைக் கேட்டு எழுதுவார்களாக. செய்மதி அடுத்த ஆண்டும் நம் வானத்தைக் கடக்கும். அம்முதியோர் எல்லாரும் அதுவரை நம்மோடிருப்பர் என்பதற்கு உறுதியில்லை.