டொபாகோவில் மக்கள் தேசிய இயக்கம்: கிளைத் தன்னாட்சியும் அதன் எல்லையும்

1956இல் எரிக் வில்லியம்ஸ் தோற்றுவித்த மக்கள் தேசிய இயக்கத்தின் டொபாகோ கிளை, தன் தலைவரைத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமையுடையது. டிரினிடாட் டொபாகோ நாடாளுமன்றக் கீழவையின் 41 இடங்களுள் டொபாகோவிற்குரியவை இரண்டே. ஆதலின் இக்கிளையின் உண்மையான களம் 1980இல் அமைந்த டொபாகோ பேரவையேயாகும். அதன் முதல் தேர்தலிலேயே, இயக்கத்திலிருந்து விலகிய ஏ.என்.ஆர். ராபின்சனின் கட்சியிடம் இயக்கம் தோற்றது என்பது கருதத்தக்கது.

கிளைத் தன்னாட்சி வெறும் பெயரளவினதன்று என்பதற்கு 2020ஆம் ஆண்டு நிகழ்வு சான்றாகும். பதவியிலிருந்த முதன்மைச் செயலர் கெல்வின் சார்லஸைக் கிளைத் தலைமைத் தேர்தலில் உறுப்பினர்கள் தோற்கடித்து, டிரேசி டேவிட்சன்-செலஸ்டினைத் தேர்ந்தெடுத்தனர். சார்லஸ் பின்னர் பதவி விலகினார். ஆயின் புதிய தலைவர் பேரவை உறுப்பினரல்லர். ஆகவே ஆன்சில் டென்னிஸ் முதன்மைச் செயலரானார். கட்சித் தலைமை ஒருவரிடமும் ஆட்சித் தலைமை மற்றொருவரிடமும் நின்றன.

2013இல் 12 இடங்களையும் வென்ற கிளை, 2021 சனவரியில் 6-6 எனச் சமன்கண்டது. முட்டுக்கட்டையை நீக்க இடங்கள் 15 ஆக உயர்த்தப்பட்டன; அவ்வாண்டு திசம்பரில் கிளைக்குக் கிட்டியது ஒன்றே. தலைவரைத் தீவினரே தேர்ந்தபோதும், அக்கட்சியைப் போர்ட் ஆஃப் ஸ்பெயினின் கட்சியாகவே வாக்காளர் பலர் கண்டனர் எனக் கொள்ள இடமுண்டு.