கன்பூசியஸ் எழுத்தும் பேச்சு எழுத்தும்

தைவானின் தெற்கே உள்ள தைனான் நகரில் 1885 ஜூலை 12 அன்று ஒரு சிறு திருச்சபைப் பத்திரிகை வெளிவந்தது. மொழி தைவானியம், எழுத்து ரோமன். நடத்தியவர் ஸ்காட்லாந்து மிஷனரி தாமஸ் பார்க்லே. அச்சு இயந்திரம் 1881-லேயே கப்பலில் வந்துவிட்டது. ஆனால் ஓட்டத் தெரிந்தவர் யாருமில்லை. பார்க்லே விடுப்பில் போய், கிளாஸ்கோவில் அச்சுக்கோக்கக் கற்றுத் திரும்பிய பிறகே அது ஓடியது.

சீன எழுத்தை ஊரார் 'கன்பூசியஸ் எழுத்து' என்றனர். அதில் தேறப் பல வருடங்கள் ஆகும். வயலில் நிற்பவர்களுக்கும் அடுப்படியில் இருந்த பெண்களுக்கும் அந்த வருடங்கள் ஏது? கன்பூசியஸ் எழுத்து தெரிந்தவர்களும் இந்த ரோமன் எழுத்தைக் கற்க வேண்டும், குழந்தைப் படிப்பு என்று இளக்காரம் செய்யக் கூடாது என முதல் இதழிலேயே வாதாடினார் பார்க்லே.

அந்த எழுத்துமுறைக்குப் 'பெஹ்-ஓயே-ஜி' என்று பெயர். பேச்சு எழுத்து என்று பொருள். மலாக்காவிலும் சீனாவின் ஷியாமென்னிலும் தைவானியத்தின் தாய்வழியான ஹொக்கியன் பேசுவோரிடையே பணியாற்றிய மிஷனரிகள் உருவாக்கியது. தைவானியத்தில் குரலின் ஏற்ற இறக்கம் மாறினால் பொருளும் மாறிவிடும். 'சி' என்ற ஒரே ஒலி கவிதையாகலாம், சாவாகலாம், நான்காகலாம், நேரமாகலாம். இதைப் பிரித்துக் காட்ட உயிரெழுத்தின் தலையில் சாய்கோடு, கிடைக்கோடு, கூரை என்று குறிகள். ஒரு சிக்கல் உண்டு. தொடராகப் பேசும்போது பெரும்பாலான அசைகளின் தொனி மாறும். எழுத்திலோ மூலத் தொனியே நிற்கும். மொழி நாவில் இருப்பவர் தானாக மாற்றிப் படித்துவிடுவார். மற்றவர் திணறுவார்.

1917-ல் மருத்துவ மிஷனரி ஜார்ஜ் குஷூ டெய்லர் இந்த எழுத்திலேயே செவிலியர் பாடநூல் எழுதினார். கிறிஸ்தவ வட்டத்துக்கு வெளியேயும் இதைக் கொண்டுபோக முயன்றவர் தைவானியரான சாய் பெய்ஹுவோ. எளிதில் கற்கக் கூடியது என்பதே ஆள்வோரை உறுத்தியது என்று நினைக்கிறேன். அவர் வகுப்பு நடத்த, அப்போது தைவானை ஆண்ட ஜப்பானிய நிர்வாகம் அனுமதி மறுத்தது. 1942-ல் பத்திரிகையும் நின்றது. ஜப்பானியருக்குப் பின் சீனாவிலிருந்து வந்த கோமிண்டாங் அரசுக்கும் இதே எரிச்சல். 1969-ல் ரோமன் அச்சுக்குத் தடை விழ, போருக்குப் பின் மீண்டும் வந்துகொண்டிருந்த பத்திரிகை மாண்டரினுக்கு மாறியது. 1975-ல் புதிய மொழிபெயர்ப்பு பைபிள்களையே பறிமுதல் செய்தார்கள். பள்ளியில் தைவானியம் பேசிய பிள்ளைகளுக்கு அபராதம், கழுத்தில் அட்டை.

2006-ல் கல்வி அமைச்சகமே 'தைலோ' என்ற ரோமன் முறையை அறிவித்தது. பழையதிலிருந்து சில எழுத்துகள்தான் மாறின. அதற்கே பெரிய சண்டை. பழைய பைபிளும் பாட்டுப் புத்தகமும் வைத்திருப்பவர்களின் கோபம் புரிகிறது. எழுத்தாளர்கள் பலர் நடுவழியாக, எழுத்து நிலைபெற்ற சொற்களுக்குச் சீன எழுத்தும் மற்றவற்றுக்கு ரோமனும் கலந்து எழுதுகிறார்கள்.

எனக்கு இந்தச் சண்டை பெரிதாகப் படவில்லை. பேசத் தெரிந்து, படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பிறந்த எழுத்து இது. இன்று படிக்கத் தெரிந்த பிள்ளைகளுக்குப் பேசத்தான் வரவில்லை, வீட்டில் மாண்டரின். 2001 முதல் தொடக்கப் பள்ளியில் தாய்மொழிக்கென வாரத்துக்கு ஒரு பாடவேளை இருக்கிறது. 2022-ல் அது நடுநிலை, மேல்நிலை வகுப்புகளுக்கும் நீண்டது.