மூச்சால் சுடும் துப்பாக்கி

கழுத்துக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் மான் வேட்டைக்குப் போக முடியுமா? அமெரிக்காவில் போறாங்க நண்பர்களே!

சக்கர நாற்காலியில் பொருத்திய தாங்கியில் துப்பாக்கி இருக்கும். தாடையால் ஜாய்ஸ்டிக்கை நகர்த்திக் குறி பார்ப்பார். வாயில் உள்ள குழாயை உறிஞ்சினால் பிரஷர் சென்சார் அதை உணரும். சின்ன மோட்டார் ட்ரிகரை இழுக்கும். சாதாரண மூச்சுக்கே வெடிச்சிடக் கூடாது இல்லையா? அதனால, குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் மட்டுமே இயங்கும்படி அமைக்கணும்.

நிறுத்திய வண்டியில் இருந்தபடியே சுட, பல மாநிலங்கள் மாற்றுத்திறனாளிகளுக்குத் தனி அனுமதியும் தருகின்றன.

வேட்டை சரியா தப்பான்னு தாராளமா விவாதிக்கலாம். ஆனா ஒண்ணு கவனிங்க: தோட்டா போட உதவியாளர் இருக்கார், சுடுறதா வேண்டாமாங்கிற முடிவு அந்த மூச்சுக்காரரோடது. உங்க ப்ராஜெக்ட்லயும் அந்த முடிவை அவர்கிட்டயே விட்டுடுங்க.