தொலைநோக்கியின் மெய்க் குவியத் தூரம்

மாட்டுப்பட்டிக்குக் கிழக்கே, பழனி மலைமீதுள்ள கோடைக்கானல் வானாய்வகத்தில் 1904 முதல் சூரியனைப் படமெடுத்து வருகின்றனர். படத்திலுள்ள கரும்புள்ளியின் பருமனை அறிய வேண்டின், படத்தின் ஒரு மில்லிமீட்டர் வானில் எத்தனை விகலை எனத் தெரிதல் வேண்டும். இதுவே பிம்ப அளவுகோல். 2,06,265 என்னும் எண்ணை மில்லிமீட்டரில் கூறிய குவியத் தூரத்தால் வகுக்க, இது கிடைக்கும்.

ஆயினும், கருவியில் பொறித்துள்ள குவியத் தூரம் தோராயமானதே. பள்ளித் தொலைநோக்கியின் மெய்த் தூரத்தைச் சூரியனைக் கொண்டே காணலாம். முகப்பு வில்லையைச் சிறு துளையிட்ட அட்டையால் மூடுக. கண்ணருகு வில்லையை நீக்கி, வெண்தாளில் பிம்பத்தைத் தெளிவாக வீழ்த்தி, அதன் விட்டத்தை அளக்க. அதனை 2,06,265ஆல் பெருக்கி, அன்றைய சூரியனின் கோண விட்டத்தால் வகுக்க. குழாய்வழியே எவரும் சூரியனை நோக்கலாகாது. கண் பார்வை அழியும்.

கோண விட்டம் ஜனவரித் தொடக்கத்தில் 1,952 விகலை. ஜூலைத் தொடக்கத்தில் 1,888. கோடைக்கானலின் 36 மீட்டர் குவியத் தூரமுள்ள தொலைநோக்கியில் பிம்பம் முறையே சுமார் 34, 33 செ.மீ. ஆகும். ஜூலையில் அளந்துவிட்டு ஜனவரி மதிப்பால் வகுப்போமாயின், கரும்புள்ளியின் பரப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 7 பங்கு மிகும். ஆதலின், அளவுடன் நாளையும் குறித்து வைத்தல் இன்றியமையாதது.