வாங்கி வந்த வாரமே சிக்லிட் மீனுக்கு வயிறு உப்புவது ஏன் தெரியுமா?

ஆஸ்கார், ஏஞ்சல், டிஸ்கஸ், ஃபிளவர்ஹார்ன்... கடைக்குப் போனால் நம்மை நகரவிடாமல் நிற்கவைக்கும் இந்த மீன்கள் எல்லாமே ஒரே குடும்பம், தெரியுமா? சிக்லிட் குடும்பம்! நம் ஊர் ஏரியில் வலைபோட்டுக் குழம்பு வைக்கிறோமே, அந்த ஜிலேபிக் கெண்டையும் இவற்றின் பங்காளிதான். ஆசை ஆசையாய் வாங்கி வந்த சிக்லிட் சில நாளிலேயே தீனியை மறுத்து, வயிறு உப்பிச் செத்துப்போவது மீன் வளர்ப்பவர்களுக்குப் பழகிப்போன சோகம். அதைத் தடுப்பது எப்படி? விடையில் பாதி ஆப்பிரிக்க ஏரிகளில் இருக்கிறது, மீதி சுவிட்சர்லாந்தில்!

ஏரி ஆப்பிரிக்காவில், ஜாதகம் பாசலில்!

ஆப்பிரிக்காவின் டாங்கனிகா ஏரியில் மட்டும் சுமார் 240 வகை சிக்லிட்கள் உண்டு. அவற்றின் மரபணுக்களை ஏறக்குறைய முழுமையாகப் படித்து, 2020-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டவர்கள் கடலே இல்லாத சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழகத்தார், வால்டர் சால்ஸ்பர்கர் குழுவினர்! மீனின் தசையில் உள்ள நைட்ரஜனையும் கார்பனையும் அளந்தே அது எதைத் தின்று வளர்ந்தது என்று கண்டுபிடித்துவிடுகிறார்கள். பாசி சுரண்டுவது ஒன்று, இறால் பிடிப்பது ஒன்று, மற்ற மீனின் செதிலைக் கடித்துப் பிழைப்பது இன்னொன்று. எல்லாம் ஒரே ஏரியில்!

தீனி எதுவோ, குடலின் நீளமும் அதற்கேற்ப!

பாசி தின்னும் சிக்லிட்டின் குடல் அதன் உடம்பைவிடப் பல மடங்கு நீளம். கயிற்றுச் சுருள் போல வயிற்றுக்குள் சுற்றிக் கிடக்கும். மாமிசம் தின்னும் இனத்துக்கோ குட்டையான குடல். தீனியை வைத்தே குடல் நீளத்தைச் சொல்லிவிடலாம் என்று 2009-இல் கேத்தரின் வாக்னரும் உடன் ஆய்வாளர்களும் டாங்கனிகா மீன்களில் காட்டினார்கள். ஆகவே பாறைப்பாசி சுரண்டும் ட்ரோஃபியஸ் சிக்லிட்டுக்குப் பிளட்வார்ம் புழுவும் மாட்டு இதயமும் விருந்தல்ல, வினை. ஸ்பைருலினா கலந்த தீனி போதும்.

குடல் பெருத்தால் மூளை சிறுக்கும்!

உடம்பில் அதிக சக்தியைச் செலவழிப்பவை மூளையும் குடலும். இரண்டையும் பெரிதாக வைத்துக்கொள்ளக் கட்டுப்படியாகாது! டாங்கனிகா சிக்லிட்களில் பெரிய மூளை உள்ள இனங்களுக்குக் குடல் சிறிதாக இருப்பதை 2015-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது.

ஜிலேபியின் வயிற்றில் இவ்வளவு அமிலமா?

நீலப்பச்சைப் பாசியைச் செரிக்க, ஜிலேபிக் கெண்டை வகையைச் சேர்ந்த நைல் திலாப்பியாவின் வயிற்றில் அமிலம் எந்த அளவுக்கு ஏறுகிறது தெரியுமா? பிஎச் 1.4 வரை! உகாண்டாவின் ஜார்ஜ் ஏரி மீன்களை ஆராய்ந்து 1973-இல் மோரியார்ட்டி எழுதியது இது. இன்னும் வேடிக்கை, காலையில் மேயத் தொடங்கும்போது அமிலம் போதுமான அளவு சுரந்திருக்காது. முதலில் தின்ற பாசி செரிக்காமல் பச்சையாகவே வெளியேறிவிடும்! நேரம் ஆக ஆகத்தான் வயிறு சூடுபிடிக்கும். பகலெல்லாம் மேயப் பிறந்த மீனுக்கு ஒரே வேளையில் கைநிறைய அள்ளிக் கொட்டினால் எப்படித் தாங்கும்? சிறுகச் சிறுக, பலமுறை போடுங்கள்.

நாலு பக்கமும் கண்ணாடியா? சுவிஸ் சட்டம் விடாது!

2008 செப்டம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த சுவிஸ் விலங்குப் பாதுகாப்பு விதிகளின்படி, மீன்தொட்டியை எல்லாப் பக்கமிருந்தும் உள்ளே பார்க்கும்படி வைக்கக் கூடாது! பகல், இரவு ஒழுங்கும் வேண்டும். மீனின் மானம் காக்கவா? இல்லை, அச்சம் போக்க. வயிற்றுநோயில் இந்த அச்சத்துக்குப் பெரிய பங்கு உண்டு. ஸ்பைரோநியூக்ளியஸ் போன்ற நுண்ணுயிர்கள் நலமான மீனின் குடலிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். பயணக் களைப்பு, புது இடம், பழைய மீன்களின் அடிதடி எல்லாம் சேர்ந்து எதிர்ப்புச் சக்தி இறங்கியதும் அவை பெருகத் தொடங்கிவிடும். தொட்டியின் பின்பக்கத்தை மறைத்து, ஒளிந்துகொள்ளக் கல் அடுக்கிக் கொடுங்கள்.

குழாய்த் தண்ணீரும் ஊருக்கு ஊர் வேறு!

சுவிட்சர்லாந்திலேயே சுண்ணாம்புப் பாறை நிறைந்த யூரா மலைப்பக்கம் தண்ணீர் கடினம், கிரானைட்டும் நைஸ் பாறையும் நிறைந்த டிசினோவில் மென்மை. டாங்கனிகா, மலாவி ஏரி மீன்களுக்குக் காரத்தன்மை கொண்ட கடினநீர் வேண்டும். டிஸ்கஸுக்கோ நேர்மாறு! மீனைத் தேர்ந்தெடுக்கும் முன் உங்கள் குழாய்த் தண்ணீரைச் சோதியுங்கள்.

பட்டினி கிடப்பதெல்லாம் நோயல்ல!

வாய்க்குள் முட்டை அடைகாக்கும் தாய் சிக்லிட்கள் பல, வாரக்கணக்கில் பட்டினி கிடக்கும். ட்ரோஃபியஸ் தாயோ ஒருபடி மேலே போய், வாயிலிருக்கும் குஞ்சுகளுக்காகவே மேய்ந்து ஊட்டும்! தொண்டை உப்பியிருந்தால் மகிழுங்கள், வயிறு உப்பியிருந்தால் கவனியுங்கள். தீனியைக் கவ்விக் கவ்வித் துப்புவது, மூலையில் ஒதுங்கி நிற்பது, வெள்ளை நூலாய் இழுபடும் கழிவு ஆகிய மூன்றும் ஆபத்தின் அறிகுறிகள்.

தனித்தொட்டிதான் முதல் வைத்தியர்!

புது மீனை நேரே பெரிய தொட்டியில் விடாதீர்கள். நன்கு ஓடிப் பழகிய ஃபில்டருடன் தனித்தொட்டியில் நான்கு வாரம் வையுங்கள். வலையும் குழாயும் தனியாக இருக்கட்டும். முதல் நாள் தீனியே வேண்டாம். அடுத்த நாள் முதல், கடையில் என்ன தின்றதோ அதையே கொஞ்சமாகப் போட்டு, மெல்ல மாற்றுங்கள்.

மருந்து இருக்கிறதே என்கிறீர்களா?

இருக்கிறது! நம் வீட்டில் வயிற்றுப்போக்குக்கு விழுங்கும் ஃபிளாஜிலில் உள்ள மெட்ரோனிடசோல்தான் மீனின் குடல் நுண்ணுயிர்களுக்கும் கொடுக்கப்படுகிறது. சுவிட்சர்லாந்தில் மருத்துவர் சீட்டு இல்லாமல் அது கிடைக்காது. மீனுக்கு என்றால் கால்நடை மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். சீட்டு கிடைத்தாலும் ஒரு சிக்கல். தீனியில் கலந்து கொடுத்தால்தான் மருந்து குடலுக்கு நன்றாகப் போய்ச் சேரும். வயிறு உப்பிய மீனோ தீனியைத் தொடாது!