புலியும் ஆந்தையும் பேசும் அரசியல்

நமக்குச் சித்திரை பிறக்கும் ஏப்ரல் 14 அன்றுதான் வங்கதேசத்தில் ‘பொய்லா பொய்ஷாக்’ என்னும் வங்காளப் புத்தாண்டும் பிறக்கிறது. அன்று காலை டாக்கா பல்கலைக்கழக நுண்கலைப் புலத்திலிருந்து ஓர் ஊர்வலம் கிளம்புகிறது. ஆளுயரத்தை மிஞ்சிய புலி, யானை, ஆந்தை, மயில், ராஜா ராணி முகமூடிகள் என்று வீதியே நிறம் மாறிவிடும். இவற்றைச் செய்பவர்கள் ஓவிய, சிற்ப மாணவர்கள். பார்வைக்கு இது திருவிழாதான். ஆனால், அந்தந்த ஆண்டு நாட்டைப் பிடித்தாட்டும் கேடு எது என்பதையும் இந்த ஊர்வலம் ஊரறியச் சொல்லிவிடுகிறது.

எப்படித் தொடங்கியது?

1982இல் ராணுவத் தளபதி எர்ஷாத் ஆட்சியைக் கைப்பற்றினார். எதிர்ப்புக் குரல்கள் ஒடுக்கப்பட்டன. 1988இல் வந்த பெருவெள்ளம் நாட்டின் பாதிக்கும் மேற்பட்ட பரப்பை மூழ்கடித்தது. அதே ஆண்டு பிப்ரவரியில் மூத்த ஓவியர் கம்ருல் ஹசன் தேசியக் கவிதை விழா மேடையில் உயிர்விட்டார். நாடு வெட்கங்கெட்டவரின் பிடியில் சிக்கியிருப்பதாக ஆட்சியாளரைச் சாடும் கோட்டோவியம் ஒன்றைச் சற்று முன்புதான் அவர் அங்கே வரைந்திருந்தார்.

இந்தச் சூழலில்தான் 1989 புத்தாண்டில் டாக்கா நுண்கலை மாணவர்கள் தங்கள் முதல் ஊர்வலத்தை நடத்தினார்கள். ஜெசோர் நகரில் சாருபீட் என்ற கலை அமைப்பு சில ஆண்டுகளுக்கு முன்பே இதற்கு வழிகாட்டியிருந்தது. அரசியல் பேரணியைத் தடுக்கலாம். புத்தாண்டுக் கொண்டாட்டத்தைத் தடுப்பது எந்த ஆட்சிக்கும் எளிதல்ல. 1990 டிசம்பரில் எர்ஷாத் பதவி விலகினார். ‘ஆனந்த ஷோபாஜாத்ரா’ (மகிழ்ச்சி ஊர்வலம்) என்று தொடங்கிய ஊர்வலம், 1996இல் ‘மங்கள் ஷோபாஜாத்ரா’ (மங்கள ஊர்வலம்) ஆனது.

இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது?

இன்று நுண்கலைப் புலமாக இருக்கும் கல்லூரியின் பிறப்பிலேயே அது இருக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தில் கல்கத்தா வீதிகளில் செத்து விழுந்தவர்களை மலிவான தாளில் கறுப்பு மையால் வரைந்தவர் ஜைனுல் ஆபிதீன். அவர்தான் 1948இல் டாக்காவில் கலைக் கல்லூரியை நிறுவினார். 1952 வங்காள மொழிப் போராட்டத்துக்கு அதன் மாணவர்கள் சுவரொட்டி எழுதினார்கள். 1971 விடுதலைப் போரின்போது, பாகிஸ்தான் ஆட்சியாளர் யாஹியா கானின் முகத்தை அரக்க முகமாக வரைந்து சுவரொட்டியாக்கினார் கம்ருல் ஹசன். சமூகத்தின் துயரம் இங்கே கூடுதல் பாடமல்ல, முதல் பாடம்.

எப்படிச் செய்கிறார்கள்?

ஏறத்தாழ ஒரு மாதம் முன்பே வளாகம் பட்டறையாகிவிடும். மூங்கில் பிளாச்சுகளை வளைத்துக் கட்டிச் சட்டகம் செய்து, அதன்மேல் காகிதம் ஒட்டி வண்ணம் பூசுகிறார்கள். உருவங்களுக்கு முன்மாதிரி கிராமத்து மண் பொம்மைகளும் மரப் பொம்மைகளும் படச்சுருள் ஓவியங்களும். செலவுக்குப் பெருநிறுவன விளம்பரத்தை நாடாமல், தாங்கள் வரைந்த ஓவியங்களையும் முகமூடிகளையும் வண்ணம் தீட்டிய மண் மூடிகளையும் விற்றுப் பணம் திரட்டுவது மரபு.

2016இல் இந்த ஊர்வலம் யுனெஸ்கோவின் மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. தீமையைக் காட்டும் உருவம் ஒன்று, தீமையை எதிர்க்கும் வீரத்துக்கு ஒன்று, அமைதிக்கு ஒன்று என்று மூன்று உருவங்களாவது இருக்க வேண்டும் என அந்தப் பதிவு சொல்கிறது. தீமை எது என்று ஒவ்வோர் ஆண்டும் முடிவு செய்யும் உரிமைதான் இதன் உயிர்.

அந்த உரிமைக்கு என்ன ஆனது?

நெருக்கடி பல திசைகளிலிருந்து வந்தது. 2001 புத்தாண்டில் டாக்கா ரம்னா பூங்காவின் இசை நிகழ்ச்சியில் குண்டு வெடித்துப் பத்துப் பேர் இறந்தார்கள். பின்னாளில் காவல் துறை, முகமூடியை முகத்தில் அணியாமல் கையில் ஏந்திவரச் சொன்னது. விலங்கு உருவங்கள் மதத்துக்கு விரோதம் என்று சில அமைப்புகள் எதிர்த்தன. 2017இல் பள்ளி, கல்லூரிகள் இந்த ஊர்வலத்தை நடத்த வேண்டும் என்று அரசே உத்தரவிட்டது. எதிர்ப்பில் பிறந்த கலைக்குத் தடை எவ்வளவு ஆபத்தோ, அரசின் அரவணைப்பும் அவ்வளவு ஆபத்துதான்.

2024 ஆகஸ்டில் மாணவர் எழுச்சியால் ஷேக் ஹசீனா ஆட்சி வீழ்ந்தது. மாணவர்கள் நாடெங்கும் சுவர்களில் வரைந்தார்கள். ஒரு மரத்தின் இலைகளில் இந்து, முஸ்லிம், பௌத்தர், கிறிஸ்தவர், ஆதிவாசி என்று எழுதி, இலையைப் பறிக்காதே என்று எச்சரித்தது ஓர் ஓவியம். அது பாடநூலின் பின்னட்டையிலும் ஏறியது. ‘ஆதிவாசி’ என்ற சொல்லுக்கு எதிர்ப்புக் கிளம்பியதும் 2025 ஜனவரியில் அந்த ஓவியமே அகற்றப்பட்டது. அகற்றலைக் கண்டித்துத் திரண்ட பழங்குடி மாணவர்கள் தாக்கப்பட்டார்கள். பறிக்க வேண்டாம் என்ற இலையே பறிபோனது.

அதே ஆண்டு ஏப்ரலில் புத்தாண்டு ஊர்வலத்தின் பெயர் மீண்டும் ‘ஆனந்த ஷோபாஜாத்ரா’ என மாற்றப்பட்டது. பாசிசத்தின் முகம் என்று கொம்பு வைத்துச் செய்த பெரிய பெண்ணுருவம் விழாவுக்கு இரண்டு நாள் முன்பு தீவைத்து எரிக்கப்பட்டது. மறுபடி செய்து ஊர்வலத்தில் சேர்த்தார்கள். ஆனால், முடிவுகளில் தங்களுக்கு இடமில்லை என்று மாணவர்களில் ஒரு பகுதியினர் விலகி நின்றார்கள். அவர்களின் கோபம் நியாயமானது. ஆட்சியில் இருப்பவர் யாரானாலும், பழைய ஆட்சியின் தீமையைக் காட்டும் சிலையை மகிழ்ந்து வரவேற்பார். தன் காலத்துத் தீமையைக் காட்டும் சிலையையும் தன் வாசல் வழியே போகவிடுகிறாரா என்பதுதான் சோதனை.

வெள்ளமோ, சாதி மத வெறுப்போ, அடக்குமுறையோ, எதை வரைவது என்று இளைஞர்களுக்கு மேலிருந்து சொல்லிக்கொடுத்தால் கிடைப்பது அலங்காரம் மட்டுமே. மாணவர்கள் தாமே கூடிப் பேசி, தாமே பணம் சேர்த்து, தாமே தெருவுக்குக் கொண்டுவரும்போதுதான் அது கலையாகவும் குடிமக்களின் குரலாகவும் ஆகிறது. டாக்கா முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக மூங்கிலையும் காகிதத்தையும் வைத்து இதை நிரூபித்திருக்கிறது. எந்த ஊர்க் கலைக் கல்லூரியும் முதலில் மாணவர்களுக்குத் தர வேண்டியது இந்தச் சுதந்திரத்தைத்தான்.